பத்திரத்தில் ஏறாத நாய்

தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்த பர்னெலும் ஹென்றி யூலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886இல் வெளிவந்தது. நம்மூர் நாய்களுக்கு அதில் இரண்டு பதிவுகள். ஒன்று ‘பாலிகர் டாக்’, பாளையக்கார நாய்: தென்னிந்தியாவின் பெரிய நாய் இனம். மற்றது ‘பரையா டாக்’: உடையவன் இல்லாமல் ஊர் சுற்றும் நாய், சாதியற்ற இழிபிறவி என்பதால் அந்தப் பெயராம். ஆக, நிலத்தை ஆண்டவன் பெயர் காவல் நாய்க்கு. நிலம் மறுக்கப்பட்ட மக்களின் பெயர், வசவாக்கப்பட்டு, தெரு நாய்க்கு. விலங்கியல் வகைப்பாடு மாதிரி தோற்றம் காட்டும் இது, நில உறவுகளின் வகைப்பாடு அன்றி வேறல்ல. ஒரே நாய், ஒரு கிரயப் பத்திரம் பதிவான மறுநாளே முதல் பெயரிலிருந்து இரண்டாம் பெயருக்குத் தள்ளப்பட முடியும் என்பதே இதற்குச் சான்று. ஸ்ரீரங்கம் தீவில் நான் கண்டுகொண்டிருப்பது இதைத்தான்.

1

காவல் நாய்க்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று. எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் உருவமும் பெயருமாக நிற்கிறது. ராஜாவின் ஆட்சியாண்டு பொறித்த கல்லில் நாயின் பெயரும் பொறிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

பாளையப் போர்களில் கோம்பை, ராஜபாளையம் நாய்கள் வெள்ளைக்காரன் குதிரைமேல் பாய்ந்ததாகத் தெற்கே வாய்மொழிக் கதைகள் பல. அவற்றை ஆவணமாக அல்ல, நினைவாகவே வாசிக்க வேண்டும். ஆவணம் வேறொன்றைச் சொல்கிறது. 1801 ஜூன் 16இல் சின்ன மருதுவின் ஜம்புத்தீவுப் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அடுத்த மாதம் 31ஆம் தேதி கர்நாடக ஒப்பந்தம். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கு. பாளையக்காரரின் கோட்டைகள் இடிந்தன. காவல் உரிமையும் காவல் வரியும் கம்பெனி கைக்குப் போயின. ஊர்க்காவல் என்ற அதிகாரம் போனபின் மிஞ்சியது தனிச்சொத்தின் காவல்: வேலி, தோப்பு, கூலிக்கு ஒரு காவல்காரர், அவரோடு ஒரு நாய். பாளையத்தைப் பொற்காலமாக்கிப் பேச இதில் ஒன்றுமில்லை. அதுவும் வரி வாங்கிய அதிகாரம்தான். மாறியது என்னவென்றால், நாய் ஊருக்குரியதாக இல்லாமல் பட்டாவுக்குரியதாயிற்று.

2

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழையும் தென்னையுமாக இருந்த படுகைகள். 1994இல் ஸ்ரீரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. தோப்புகள் மனைகளாவது இன்றும் நின்றபாடில்லை. பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள்: மாவடை, மரவடை, நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம். புதையலும் பாறையும்கூடப் பாத்தியதையில் வருகின்றன. கிணறும் மோட்டாரும் மின் இணைப்பும் வருகின்றன. நாய் வருவதில்லை. காவல்காரரும் வருவதில்லை.

கொள்ளிடக்கரைத் தோப்பு ஒன்றிலிருந்து இரண்டு பெரிய நாய்களுக்கு இடம் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். உரிமையாளர் வீட்டார் அடுக்குமாடிக்குப் போகிறார்கள். “வித்தாச்சு, நாயை என்ன பண்றது, யாராச்சும் புடிச்சிட்டுப் போங்க” என்பதே அவர்கள் பேச்சு. இத்தனை வருஷம் அவற்றுக்குச் சோறு வைத்த காவல்காரர் சொன்னது வேறு: “எனக்கே எங்க போறதுன்னு தெரியல தம்பி. நீங்க இதுங்களுக்கு எடம் தேடுறீங்க.” இந்த வாக்கியத்தைத் தாண்டி எந்த விலங்கு நேயமும் பேச முடியாது. நாய் யாருடையது? சொத்துச் சட்டம் உரிமையாளரைக் காட்டும். நாயைக் கேட்டால் காவல்காரரைக் காட்டும்.

3

சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். காரணமின்றி விலங்கைப் பட்டினியில் கைவிடுவது 1960இன் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு சென்ட் மனையின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2001இன் நாய்கள் கருத்தடை விதிகள் நாய்களைச் செல்ல நாய், தெரு நாய் என இரண்டாகப் பிரித்தன. 2023 விதிகள் தெரு நாயைச் சமூக விலங்கு என்றன. பெயர் நல்ல பெயர். ஆனால் எந்தத் தெருவின் சமூகமும் அறியாத, அந்நியரைக் கண்டால் பாயவே வளர்க்கப்பட்ட தோப்பு நாய் இதில் எங்கே நிற்கிறது? தெருவில் விட்டால் அது மனிதரைக் கடிக்கும், அல்லது தெரு நாய்கள் அதைக் கடித்துக் குதறும். பிறகு ‘வெறிநாய்’ என்ற மூன்றாவது பெயர். கைவிட்டவன் பெயர் எங்கும் பதிவாகாது.

எனவே சில காரியங்கள். நிலத்துக்கு முன்பணம் வாங்கும் நாளிலேயே நாயின் பேச்சையும் எடுக்க வைக்க வேண்டும். பதிவுக்கு மறுநாள் அல்ல. கொடுக்குமுன் வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் அவசியம். இல்லையென்றால் ‘ஜாதி நாய்’ என்று ஆசையாய் வாங்குபவர் அதைக் குட்டி போடும் இயந்திரமாக்குவார். சேர்ந்து வளர்ந்த ஜோடியைப் பிரிக்காதிருப்பது நல்லது. புது இடத்தில் உடனே அவிழ்த்துவிட்டால் பழைய தோப்பைத் தேடிப் பாலம் ஏறிவிடும். சில வாரம் அடைப்பில் வைத்து, சோறு வைத்த கையே சில நாள் கூட இருந்து பழக்க வேண்டும். அந்த நாட்களுக்குக் கூலியை விற்றவர் தர வேண்டும்.

நாங்கள் தேடியதில் லால்குடிப் பக்கம் ஒரு தோட்டக்காரர் நாய்களை மட்டும் கேட்டார். காவல்காரரையும் சேர்த்துத்தான் என்றோம். நாய்க்கு உடனே சரி என்றவர், ஆளைப் பற்றி முதலில் கேட்ட கேள்வி, “எந்த ஆளுங்க?” என்பது. நாய்க்கு இனம் கேட்பதும் ஆளுக்குச் சாதி கேட்பதும் ஒரே மூச்சில் வருகிற சமூகத்தில், அந்த 1886ஆம் வருஷத்து அகராதி இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது.