மணி பிளாண்ட்டின் வரலாறு

மணி பிளாண்ட் என்பது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த பசுமைமாறாக் கொடியாகும். இதன் தாயகம் தென் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பொலினீசியாவின் சொசைட்டி தீவுகளுள் ஒன்றான மூரியா ஆகும். இக்கொடி பூப்பது மிகவும் அரிது. பூ இல்லாததால் விதையும் இல்லை. எனவே மனிதர் வெட்டி நட்ட தண்டுத் துண்டுகள் வழியாகவே இது உலகெங்கும் பரவியது.

பெயர் மாற்றங்கள்

தாவரவியலாளர் ஒரு செடியின் பேரினத்தைப் பெரிதும் பூவையும் கனியையும் கொண்டே முடிவு செய்வர். இக்கொடியில் அவர்களுக்குக் கிடைத்தது இலை மட்டுமே. 1880-இல் ஜான் லிண்டனும் எதுவார் ஆந்த்ரேயும் இதற்குப் போதோஸ் ஔரியஸ் எனப் பெயரிட்டனர். ஔரியஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பொன்னிறம் என்பது பொருள். 1908-இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எங்லர் இதைச் சின்டாப்சஸ் பேரினத்துக்கு மாற்றினார். 1962-இல் பூ ஒன்று காணப்பட்டதும் ரபிடோபோரா என்ற பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 1964-இல் பண்டிங் என்பவர் எபிப்ரெம்னம் ஔரியம் என்ற இன்றைய பெயரை அளித்தார். ஆயினும் ஆங்கிலத்தில் பலர் இன்றும் இதைப் போதோஸ் என்றே அழைக்கின்றனர்.

பூக்காமைக்கான காரணமும் பிற்காலத்தில் அறியப்பட்டது. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற வளரூக்கி இக்கொடியில் போதிய அளவு உருவாவதில்லை என 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்தது.

வளர்ப்பு முறை

கணுவுடன் கூடிய ஒரு துண்டை நீரிலோ மண்ணிலோ வைத்தால் வேர் விடும். கணு இல்லாத இலை மட்டும் புதுக்கொடி ஆகாது. நேரடி வெயில் படாத வெளிச்சமான இடம் ஏற்றது. வெளிச்சம் குறைந்தால் இலையின் மஞ்சள் வரிகள் மங்கும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். தொங்கவிட்ட கொடியின் இலைகள் சிறியவையாகவே இருக்கும். மரத்தில் ஏறும் கொடியிலோ அவை முறம் போல் பெரிதாகிப் பிளவுபடும். இலையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் எரிச்சலூட்டுவதால், குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் வைப்பது நல்லது.

நம்பிக்கைகள்

இக்கொடி வளர்ந்தால் வீட்டில் பணம் சேரும் என்றும், பிறர் வீட்டிலிருந்து கேட்காமல் எடுத்து வந்தால் நன்கு வளரும் என்றும் மக்களிடையே நம்பிக்கை உண்டு. காற்றைத் தூய்மையாக்கும் என்பது புதிய நம்பிக்கை. நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வில் இக்கொடியும் இடம்பெற்றது. ஆனால் அச்சோதனைகள் மூடிய சிறு கூண்டுகளில் நடந்தவை. சாதாரண அறையில் சில தொட்டிச் செடிகளைவிடக் காற்றோட்டமே பன்மடங்கு பயன் தரும் என 2019-இல் வெளியான மதிப்பாய்வு தெளிவுபடுத்தியது.

காட்டில் விளைவுகள்

வீட்டில் எளிதாக வளர உதவும் இதே இயல்பு காட்டில் தீங்காகிறது. இலங்கையின் கண்டி நகரிலுள்ள உடவத்தகெலே சரணாலயத்தில் இக்கொடி 20 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் தரையையும் மரங்களையும் மூடியுள்ளது. அதன் கீழே மரக்கன்றுகள் முளைத்து எழ இயலாது. வெட்டிய பின் தரையில் விடப்படும் துண்டுகளும் மீண்டும் வேர்விடுவதால் இதை ஒழிப்பது கடினம். எனவே கழித்த கொடியை நீர்நிலை ஓரத்திலோ காட்டோரத்திலோ எறியாமல், நன்கு உலர்த்தி அழிப்பதே பாதுகாப்பானது.