படைக்கத்திகள்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்

நேருக்குநேர் கைகலப்புக்காகப் போர்வீரர் வைத்திருந்த சிறிய அலகுடைய ஆயுதங்கள் படைக்கத்திகள் எனப்படும். குறுவாள், கட்டாரி, பிச்சுவா, துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. திருச்சிராப்பள்ளியிலிருந்து வடக்கே செல்லும் பெருவழியில் உள்ள இவ்வட்டாரம், கட்டாரி ஏந்திய படைகளும் பயனெட் பூட்டிய படைகளும் 18ஆம் நூற்றாண்டில் எதிர்ப்பட்ட களமாகும்.

தொடக்கம்

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் இரும்பு வாள்களும் குத்துவாள்களும் கிடைத்தன. செங்கம் பகுதி நடுகற்களில் வீரர்கள் வில்லோடு குறுவாளும் ஏந்தி நிற்கின்றனர். தன் தலையைத் தானே அரிந்து பலியிடும் நவகண்டச் சிற்பங்களிலும் இவ்வாயுதம் இடம்பெறும்.

கட்டாரி

விசயநகர, நாயக்கர் காலங்களில் கட்டாரி சிறப்புப் பெற்றது. இதன் பிடி அலகுக்குக் குறுக்காக அமைந்தது. முட்டியை மடக்கிக் குத்தும்போது தோளின் விசை முழுதும் முனையில் இறங்குவதால், இரும்பு வளையக் கவசத்தையும் இது துளைக்கும். தஞ்சைக் கட்டாரிகளில் கைவிரல்களை மறைக்கும் இலைவடிவத் தகடு உண்டு. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வாள் அலகுகளை வெட்டிச் செய்தவையும் அவற்றுள் உள்ளன. திருவரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்களில், பாயும் குதிரைகளின் கீழே குத்துவாளோடு போரிடும் காலாட்களைக் காணலாம்.

பயனெட்டின் வருகை

17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான முதல் பயனெட், துப்பாக்கிக் குழாய்க்குள் செருகப்பட்டது. செருகியபின் சுட முடியாது. அந்நூற்றாண்டின் இறுதியில் குழாயின் வெளிப்புறத்தில் வளையமாக மாட்டும் வகை வந்ததும் இக்குறை நீங்கியது. ஒரே வீரன் சுடவும் குத்தவும் முடிந்ததால் ஈட்டிப் படைகள் ஐரோப்பாவில் கலைக்கப்பட்டன.

1751இல் பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபும், ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியும் கர்நாடக நவாபு பதவிக்காக மோதியபோது இந்தப் போர்முறை பெரம்பலூர்ப் பகுதிக்கு வந்தது. ரஞ்சன்குடிக்கோட்டையை அடுத்த வாலிகண்டபுரம் போரில் கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையிலான ஆங்கிலப் படை குலைந்து ஊட்டத்தூருக்கும், பின்னர் திருச்சிராப்பள்ளிக்கும் பின்வாங்கியது. புதிய ஆயுதம் கையில் இருந்தும் ஒழுங்கு கெட்ட படையை அது காக்கவில்லை. சந்தா சாகிபோ 1752இல் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சிக்கி, களத்துக்கு வெளியே கொல்லப்பட்டார். 1760களில் அரியலூர், உடையார்பாளையம் பாளையங்கள் நவாபு முகமது அலியின் படையிடம் வீழ்ந்தன.

பிற்காலம்

1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சேர்க்கப்பட்டபின் அரண்மனை ஆயுதசாலை கலைந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கி ஆலை, 17 அங்குல அலகுடைய 1907 மாதிரி பயனெட்டைச் செய்தது. இரண்டாம் உலகப்போரில் அதை ஏறத்தாழ 12 அங்குலமாகக் குறைத்தது.

ரஞ்சன்குடிக்கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தஞ்சை ஆயுதசாலையின் கட்டாரிகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.