‘அந்த மாதிரி’ காதல் கதைகள்: விரும்பிப் படிக்கிறோம், ஏன் மறைத்துப் படிக்கிறோம்?

தம்போயிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜொகூர் பாலம் தினசரிப் பாதை. நீளம் சுமார் 1 கிலோமீட்டர்தான். ஆனால் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ நாவலைப் பொறுத்தவரை அது பெரிய தூரம். அந்தப் பக்கம் அது புத்தகக் கடையில் கிடைக்கும் நாவல். இந்தப் பக்கம், 2015-இல் உள்துறை அமைச்சு தடை செய்த நூல். அதே ஆண்டு வந்த திரைப்படமும் அப்படித்தான். சிங்கப்பூரில் 21 வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கலாம் என்று திரையிட்டார்கள். மலேசியத் தணிக்கை வாரியம் அனுமதி தரவில்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தத் தடையும் இல்லாத காதல் நாவலைக்கூட பலர் அட்டையை மறைத்துத்தான் படிக்கிறார்கள். பிடித்திருக்கிறது, ஆனால் வெளியே சொல்லக் கூச்சம். ‘கில்ட்டி பிளெஷர்’ என்கிறோமே, அது இதுதான். எங்கிருந்து வருகிறது இந்தக் கூச்சம்?

முதலில், எது ‘இரோட்டிக் ரொமான்ஸ்’?

ரொமான்ஸ் நாவலுக்கு இரண்டு அடிப்படை விதிகள் உண்டு. காதல்தான் கதையின் மையமாக இருக்க வேண்டும். முடிவு நம்பிக்கையும் நிறைவும் தர வேண்டும். இந்தக் காதல் கதையோடு உடல் நெருக்கமும் விரிவாக எழுதப்பட்டு, அதுவே கதையை நகர்த்தினால் அது இரோட்டிக் ரொமான்ஸ். வெறும் ஆபாச எழுத்திலிருந்து இதைப் பிரிப்பது அந்தக் காதலும் முடிவும்தான். அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டாலும் ஒரு கதை மிச்சம் இருக்கும்.

இ.எல். ஜேம்ஸ் எழுதிய ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’, ‘ட்வைலைட்’ நாவல்களின் ரசிகையாக அவர் இணையத்தில் எழுதிய கதையாகத்தான் தொடங்கியது. 2011-இல் புத்தகமானது. வரிசையின் மொத்த விற்பனை உலக அளவில் 15 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

தமிழில் இது புதுசா?

இல்லை. தமிழில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருந்தன. ஒன்று, ‘சரோஜாதேவி’ என்ற புனைபெயரில் வந்த மலிவு விலை ஆபாசப் புத்தகங்கள். அவை பெரும்பாலும் ஆண்களுக்காக எழுதப்பட்டவை. இன்னொன்று, பெண்கள் தேடிப் படித்த காதல் நாவல்கள். இதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ரமணிச்சந்திரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர்; தமிழில் மிக அதிகம் விற்கும் எழுத்தாளர்களில் ஒருவர். பணக்கார, கொஞ்சம் திமிரான நாயகன், தன்மானம் உள்ள நாயகி, நடுவில் ஒரு தப்பர்த்தம், கடைசியில் கல்யாணம். மலேசியாவில் அம்மா, சித்தி அலமாரிகளில் இன்றும் இந்தப் புத்தகங்களைப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் நடுவிலும் சிலர் எழுதினார்கள். ‘திருவரங்கன் உலா’ என்ற பக்தி மணக்கும் சரித்திர நாவலை எழுதிய ஸ்ரீவேணுகோபாலன்தான், ‘புஷ்பா தங்கதுரை’ என்ற பெயரில் கவர்ச்சியும் குற்றமும் கலந்த கதைகளையும் எழுதினார். எழுதுகிறவருக்கே இரண்டு பெயர் தேவைப்பட்டது என்றால், படிக்கிறவர் அட்டையை மறைத்ததில் ஆச்சரியம் என்ன?

இப்போது அட்டையே இல்லை. 2016-இல் கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கின. பிரதிலிபி, வாட்பேட் போன்ற தளங்களில் கைப்பேசியிலேயே தொடர்கதை படிக்கலாம். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு நீங்கள் வாட்ஸ்அப் பார்க்கிறீர்களா, நாவல் படிக்கிறீர்களா என்று தெரியாது.

அப்படி என்னதான் இருக்கு இதுல?

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே இதே கேள்வியை ரொமான்ஸ் வாசகிகளிடமே கேட்டார். அவருடைய ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ நூல் 1984-இல் வந்தது. அந்தப் பெண்கள் முக்கியமாகச் சொன்னது செக்ஸ் பற்றி அல்ல, நேரம் பற்றி. நாள் முழுக்கக் கணவனையும் பிள்ளைகளையும் கவனிக்கும் ஒருத்திக்கு, கையில் புத்தகம் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் சொந்தம். கதையில் நாயகியை ஒருவன் கவனிக்கிறான், அவள் மனசைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்கிறான். வீட்டில் கிடைக்காத அக்கறை பக்கத்தில் கிடைக்கிறது.

முடிவு தெரிந்த கதை என்பதும் ஒரு நிம்மதி. எவ்வளவு சண்டை வந்தாலும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியும். பயமில்லாமல் ஆசைப்படலாம்.

அப்புறம் ஏன் குற்ற உணர்ச்சி?

படுக்கையறைக் காட்சிகள்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் ரமணிச்சந்திரன் நாவல்களில் அப்படி விரிவான காட்சிகள் கிடையாது. அதையும் “இதெல்லாம் ஒரு புத்தகமா?” என்று கேலி செய்தவர்கள் உண்டு. அடிதடியும் கொலையும் நிறைந்த துப்பறியும் நாவலை ஆண்கள் வெளிப்படையாகப் படிக்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆக, கூச்சம் புத்தகத்தில் இருப்பதைவிட, படிப்பவர் யார், பார்ப்பவர் யார் என்பதில்தான் அதிகம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கும் ஆசை உண்டு என்று வீட்டில் தெரிந்துவிடுமே என்ற பயம் அது.

அப்போ கவனிக்க வேண்டியது எது?

சம்மதம். 1972-இல் வெளிவந்து இந்த வகையைப் பிரபலமாக்கிய கேத்லீன் வுடிவிஸ்ஸின் ‘தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்’ நாவலில், நாயகன் நாயகியை முதலில் பலாத்காரம் செய்கிறான். பிறகு அவனே காதலன். ராட்வே பேசிய வாசகிகள் கதையில் வரவே கூடாதவை பட்டியலில் பலாத்காரத்தை வைத்தார்கள். ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ படம் வந்தபோதும், கட்டுப்படுத்துவதையும் பின்தொடர்வதையும் காதலாகக் காட்டுகிறது என்று குடும்ப வன்முறைக்கு எதிரான அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

அவள் வேண்டாம் என்ற பிறகும் பின்னாலேயே வருவது, போனைச் சோதிப்பது, வேலை இடத்தில் போய் நிற்பது: கதையில் இதற்கு ‘பொசசிவ்’ என்று பெயர். மலேசியாவில் 2023 முதல், ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது தண்டனைச் சட்டம் 507ஏ பிரிவின் கீழ் குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். கற்பனையில் ரசிப்பது வேறு, நிஜத்தில் பொறுத்துக்கொள்வது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்து படிப்பவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டப்படி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

காதல் நாவல் படிப்பது குற்றமல்ல. ஆனால் 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி, தடை செய்யப்பட்ட நூலைத் தகுந்த காரணமின்றி வைத்திருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். இறக்குமதி செய்தால், விற்றால், விநியோகித்தால் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பாலத்தைத் தாண்டி நண்பருக்கு நாவல் வாங்கி வருகிறவர்கள், உள்துறை அமைச்சு வெளியிடும் தடைப் பட்டியலை முதலில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.