கைசோ என்னும் ஏவல்

போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குப் புறப்படும் முன் தமிழன்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அங்கே கலிப்சோ பாட்டைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள். அது நம்முடைய களிப்புதான்" என்றார். களிப்பு, கலிப்சோ, ஓசை ஒத்தது, அவர் முடிவு கட்டிவிட்டார். தமிழுக்குத் தொண்டு செய்வதாகவே அவர் மனமார நம்புகிறார். எனக்கோ டிரினிடாடின் தலைநகரில் கால் வலிக்கத் திரிந்த நாளெல்லாம் அந்தச் சொல் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

களிப்பில் களி பகுதி, பு விகுதி. கள்ளோடு உறவுடைய அடி அது. வள்ளுவர் கள்ளுண்ணாமையில் களித்தலை எப்பொருளில் ஆண்டார் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ளகரம் லகரமானதை அயலார் நாவின் குற்றம் என்று விட்டுவிடலாம். கடைசியில் ஒட்டிய 'சோ' எங்கிருந்து வந்தது? அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அந்நகரத்து முதியவர்கள் அந்தப் பாட்டைக் கைசோ என்கிறார்கள். அதில் லகரமும் இல்லை, பகரமும் இல்லை. களிப்பின் உயிரே அந்த இரண்டு மெய்களில்தான் இருக்கிறது. அவை போனபின் ஒப்பிட என்ன மிச்சம்?

கிரேக்கத்தைக் காட்டுவோர் உண்டு. ஒடிசியஸைத் தன் தீவில் ஏழாண்டு நிறுத்திவைத்த கலிப்சோவை ஹோமரைப் படித்தவர்கள் அறிவார்கள். அவள் பெயர் மறைத்தல், மூடுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. நீலகிரியில் நாம் தைலமரம் என்னும் யூகலிப்டஸுக்கும் அதுவே வேர். அதன் மொட்டு விரியும்வரை மூடிபோட்ட சிமிழ்போல் இருப்பதால் 'நன்கு மூடியது' என்று பெயரிட்டார்கள். மரத்துக்குப் பொருந்துகிறது. நையாண்டியும் ஊர்வம்பும் அரசைச் சாடும் துணிவும் நிறைந்த தெருப்பாட்டுக்கு மறைத்தல் எப்படிப் பெயராகும்? அதைப் பாடிய கரும்புத் தோட்டத்து அடிமைக்கு ஹோமரை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கைசோவைக் காதால் கேட்டு ஏட்டில் எழுதிய படிப்பாளி, தனக்குத் தெரிந்த பெயரின் எழுத்துகளை அதற்குப் போர்த்திவிட்டார். அந்தப் பகரம் பேனா தந்தது.

"பெயர்கள் வாயில் தேய்வதுதானே இயல்பு? கலிப்சோ தேய்ந்து கைசோ ஆகியிருக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்நகரம் சொற்களை நன்றாகத் தேய்க்கும். 1783-இல் ஸ்பெயின் அரசர் விடுத்த ஆணையை நம்பி பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் தங்கள் அடிமைகளோடு வந்து குவிந்தார்கள். 1797-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தபின்னும் தெருவின் பேச்சு பிரெஞ்சுக் கலப்பாகவே நெடுங்காலம் இருந்தது. விடிந்தது என்னும் பொருளுள்ள 'ஜூர் ஊவேர்', கார்னிவல் திங்களன்று இருள் பிரியும் முன் சேறு பூசி ஆடும் 'ஜூவே' ஆயிற்று. எரிந்த கரும்பு என்னும் 'கான் புரூலே' 'கான்புலே' ஆயிற்று. 1881-இல் அந்தப் பெயருடைய தீப்பந்த ஊர்வலத்தைத் தடுக்க வந்த காவலரோடு மக்கள் தெருவில் மோதினார்கள். (கான்புலேவைக் காங்கோ மொழியின் ஊர்வலச் சொல்லோடு இணைப்போரும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை.)

சார்லட் தெருவில் ஓர் அம்மாள் மாங்காய்த் துண்டில் உப்பும் மிளகாயும் பூண்டும் சேர்த்துப் பிசறி விற்றுக்கொண்டிருந்தார். கொத்துமல்லி வாசமுள்ள ஓர் இலையையும் நறுக்கிப் போட்டார். இலையின் பெயரைக் கேட்டேன். "ஷாடோ பெனி" என்றார். புனித முள்செடி என்று பொருள்படும் 'ஷார்தோன் பெனி' என்னும் பிரெஞ்சுத் தொடர் அது. அவர் கையிலிருந்த மாங்காயை மேங்கோ என்றார். நம் மாங்காய் போர்ச்சுக்கீசியர் வாயில் மங்கா ஆகி, கடல் சுற்றி அங்கே நிற்கிறது. கறியும் அப்படியே. செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் மெட்ராஸ் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. 1845 முதல் 1917 வரை கப்பலேறிச் சென்ற ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் கல்கத்தா வழிச் சென்றவர்கள். சென்னை வழிச் சென்றவர்கள் சிறுபான்மை. அவர்கள் வழிவந்தோரை இன்றும் மதராசி என்கிறார்கள். அங்கே நமக்கு உரியவை இவை. இவற்றைச் சொல்லிப் பெருமைப்படலாம். ஆனால் கலிப்சோ 1845-க்கு முன்னரே அடிமைகளின் வாயில் வேர்விட்ட கலை. அதற்குத் தமிழில் பிறப்புச் சான்றிதழ் எழுதுவது, சவுக்கடி பட்டவர்களின் ஒரே சொத்தையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதாகும்.

தேய்மானத்துக்கு வருகிறேன். ஜூவேயும் ஷாடோ பெனியும் பெயர்கள், பெயராகவே நிற்கின்றன. கைசோ அப்படி அன்று. பாடகர் ஒரு நல்ல அடியை வீசியதும் கூட்டம் "கைசோ! கைசோ!" என்று கூவும். பாட்டின் வகைப்பெயரைச் சொல்லி யாராவது பாடகரை ஊக்குவார்களா? நம் சபையில் "கீர்த்தனை! கீர்த்தனை!" என்று கூவுவாருண்டா? கூவல் முந்தியது, பெயர் பிந்தியது.

பாட்டில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சொல்லே பாட்டுக்குப் பெயராவதைத் தமிழர் எளிதில் ஒப்புவார்கள். மணிவாசகரின் உந்தியாருக்கும் சாழலுக்கும் தெள்ளேணத்துக்கும் அம்மானைக்கும் பெயர் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பாட்டின் முடிவையும் பாருங்கள். எம்பாவாய் என்னும் விளியிலிருந்தே திருவெம்பாவை. இளங்கோவின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி இருக்கிறது. தில்லானாவுக்கு அதன் சொற்கட்டே பெயர்.

அப்படியானால் கைசோ யாருடைய கூவல்? அட்டிலா என்னும் பெயரில் பாடிய ரேமண்ட் கெவேதோ, அது ஆப்பிரிக்காவின் ஹௌசா மொழி என்றார். தாமே பெரும் பாடகர், கூத்து அறிந்தவர், அவரை வணங்குகிறேன். ஆனால் ஹௌசாவில் அதற்கு இணை காட்டப்படும் சொல் இரக்கத்தைக் குறிப்பது, நம் 'ஐயோ' போன்றது. வெற்றிபெற்ற பாடகரைப் பார்த்து ஐயோ என்பது பொருந்தாது. கரீபியன் ஆங்கில அகராதி தந்த ரிச்சர்ட் ஆல்சாப் 1996-இல் காட்டிய வழியே எனக்கு நேர்வழி. எஃபிக் மொழியில் 'கா இசு', இபிபியோவில் 'கா இசோ'. பொருள் 'மேலே போ', 'தொடர்ந்து செய்'. இரண்டும் நைஜீரியாவின் கலபார் பக்கத்து மொழிகள். 1813-இல் டிரினிடாடில் எடுத்த அடிமைப் பதிவேட்டில் ஆப்பிரிக்காவில் பிறந்தோருள் இக்போ மக்களே மிகுதி. காங்கோ மக்களும், கலபார்த் துறைகள் வழி வந்து மோக்கோ என்று எழுதப்பட்டோரும் அடுத்து வருகிறார்கள். அந்தக் கரையின் மக்கள் இருந்தார்கள். அந்தக் கரையின் சொல்லும் இருந்தது. ஓசையும் பொருளும் ஆளும் ஒரே இடத்தில் கூடும் வழி வேறெதிலும் இல்லை.

கார்னிவலுக்கு முந்திய வாரங்களில் கலிப்சோ பாடும் அரங்குகளை டென்ட் என்கிறார்கள். இன்று சுவரும் கூரையுமுள்ள கட்டடங்கள். ஒருகாலத்தில் மூங்கில் நட்டுத் தென்னோலை வேய்ந்த பந்தல்கள். அப்படி ஒன்றில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். தலை நரைத்த பாடகர், விலைவாசியைப் பற்றிய ஓர் அடியைப் பாதியில் நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தார். என் பக்கத்து இருக்கைப் பாட்டி எழுந்து, கையை முன்னே வீசி, "கைசோ!" என்றார். பாடகர் அடுத்த அடியைத் தொடங்கினார். பாட்டியின் கை காட்டிய திசை முன்னோக்கியது. அது ஏவல்வினை, கலபார்க் கரையினது. இதில் எனக்கு ஐயமில்லை.