உதிரும் இலையும் ஏறும் பாதையும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பெரும் பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் ‘இலையுதிர்காலம்’ என்றொரு பெயர் இல்லை. குளிர்நாடுகளின் வழக்கு பள்ளிப் பாடநூல்களின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்த பெயர் அது. பெயர் இல்லாமையால் நம் மலைகளில் இலை உதிர்வதே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆட்டையாம்பட்டியில் நின்று வடக்கே சேர்வராயன் மலையையும் தென்கிழக்கே கொல்லிமலையையும் பார்த்து வளர்ந்த நாமும் அவ்வாறே எண்ணுகிறோம் என்பதுதான் வியப்பு.

அமெரிக்க நாட்டில் அக்டோபர் மாதத்தில் இலைகளின் நிறம் காண்பதற்கென்றே மக்கள் மலைச்சாலைகளில் செல்கின்றனர். அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதனை ஆண்டுதோறும் ஒரு திருநாள்போலப் போற்றுகின்றன. அந்நாட்டின் ‘புளூ ரிட்ஜ்’ மலைச்சாலை இத்தகைய இன்பப் பயணத்திற்காகவே அமைக்கப்பட்டது. பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1935ஆம் ஆண்டில், வேலையற்றோர்க்கு வேலை தரும் நோக்குடனும் தொடங்கப்பெற்ற அச்சாலை, ஏறத்தாழ 755 கிலோமீட்டர் நீண்டு 1987ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றது.

நம் மலைச்சாலைகளின் வரலாறு வேறு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்று மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோரைப்பற்றிக் கூறுவர். அவர்கள் நடந்த ஒற்றையடித் தடங்களே முதற்பாதைகள். 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராய் இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியையும் ஆரஞ்சு, பேரி முதலிய பழமரங்களையும் பயிரிடச் செய்தார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையர் மாளிகைகள் எழுந்தன. அவர்கள் குதிரையிலும் டோலியிலும் ஏறினர். டோலியைச் சுமந்த தோள்கள் நம் மக்களுடையவை. 1894இல் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் நிறுவிய பள்ளியும், 1917இல் மான்ட்போர்ட் சகோதரர்கள் நிறுவிய பள்ளியும் அம்மலைக்குப் புதிய பயணிகளைத் தந்தன. காப்பிக்கும் குளிருக்கும் கல்விக்குமாகவே நாம் மலையேறினோம். இலையைக் காண ஏறியவர் எவருமிலர்.

இன்றும் அப்படித்தான். ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்குப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, சேலம் கடந்து, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறோம். மாசி, பங்குனி மாதங்களில் கீழ்ச்சரிவு முழுவதும் பழுப்பேறிக் கிடக்கும். ‘எல்லாம் காய்ந்து கிடக்கிறது’ என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்கிறோம். மேலே ஏரியும் பசுமையும் வந்தபின்னரே திறக்கிறோம். ஆனால் மேலே நாம் போற்றும் பசுமையில் பெரும்பகுதி மனிதர் நட்டது. காப்பிச் செடி அயல்நாட்டது. அதற்கு நிழல் தந்து மிளகுக் கொடியையும் தாங்கி நிற்கும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நாம் கண்மூடிக் கடந்த அந்தப் பழுப்புச் சரிவே இம்மலைக்கு மிகத் தொன்மையான உடை.

அச்சரிவு செத்த காடன்று. குளிர்நாட்டு மரம் பனிக்கு அஞ்சி இலையை உதிர்க்கிறது. நம் மரமோ வறட்சிக்கு அஞ்சி உதிர்க்கிறது. இலை இருக்குமளவும் அதன் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகும். மண்ணில் நீர் குறையும்போது, மரம் இலையிலுள்ள சத்துகளில் ஒரு பகுதியைத் தனக்குள் மீட்டுக்கொண்டு, காம்பின் அடியில் மெல்லிய அடுக்கொன்றை உண்டாக்கி, இலையை விடுவிக்கிறது. பச்சையம் சிதையும்போது அதன் பின்னே மறைந்திருந்த மஞ்சள் நிறம் தெரிகிறது. சில மரங்களில் சிவப்பு புதிதாய்த் தோன்றுகிறது. சமவெளியில் நம் பள்ளி முற்றங்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரமே இதற்குச் சான்று. உதிருமுன் அதன் இலைகள் செந்நிறம் கொள்வதை யார் காணவில்லை? மலையிலோ இலவமரம் ஓரிலையும் இன்றிச் செம்மலர் தாங்கி நிற்கும். புரசு நெருப்புப்போல் பூத்திருக்கும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறுவோரும் அக்காலத்தில் இலையுதிர்ந்த காட்டைக் கீழேயும் பசுஞ்சோலையை மேலேயும் காணலாம்.

எனினும், இவ்வழகில் ஓர் அச்சமும் உண்டு. உதிர்ந்த சருகு மழை வரும்வரை தரையிலேயே கிடக்கும். மட்கினால் அதுவே மண்ணுக்கு உணவு. பொறி பட்டால் அதுவே எரிபொருள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில், மலையேறச் சென்றவர்களுள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். வண்டியின் சாளரத்திலிருந்து அணைக்காமல் எறியும் ஒரு பீடித்துண்டு ஒரு சரிவையே எரித்துவிடலாம். அங்கு வாழும் மக்களின் தேனும் கிழங்கும் கால்நடைத் தீவனமும் அதனோடு போகும். காண்பதற்காக நாம் ஏறும் பாதை காட்டுக்குக் கேடாகலாமா?

நம் தவக்காலமும் இலையுதிரும் இந்நாள்களிலேயே வருகிறது. சென்ற ஆண்டு கையிலேந்திப் பாடிய குருத்தோலை காய்ந்து, எரிந்து, சாம்பலாகிச் சாம்பல் புதனன்று நம் நெற்றிக்கு வருகிறது. ஓலையை எரிக்கும் அவ்விடத்தில் எத்துணைக் கவனம், எத்துணை அமைதி! மலையில் கிடக்கும் சருகுக்கும் அதே மதிப்பை நாம் அளிக்க வேண்டும். வரும் மாசியில் ஏற்காட்டுக்குச் செல்வோமாயின், முதல் வளைவிலேயே கண்களைத் திறந்து வைத்திருப்போம். வரவிருக்கும் கோடைக்காக, தன்னிடம் உள்ளதைத் துறந்து நீரைக் காத்து நிற்கும் காட்டை அங்கே காண்போம். கண்டவாறே, அதனை அவ்வண்ணமே விட்டுவிட்டு இறங்குவோம்.