மணற்கரையே பட்டறை

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நீளும் அம்பாறைக் கரையில் படகை அணைத்துக்கொள்ளும் இயற்கைக் குடா இல்லை. திறந்த வங்காள விரிகுடாவுக்கு எதிரே நேராகக் கிடக்கிறது மணல். தோணியைக் கரைக்கு இழுத்துத்தான் வைக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கடல் ஏறினால் அதை இன்னும் மேலே இழுக்க வேண்டும். படகு உடைவதும் திருத்தப்படுவதும் அதே மணலில்தான்.

பாய் விரித்து ஓடிய காலத்துக் கலங்களில் ஆணியை விடக் கயிறே அதிகம் உழைத்தது. ஜேம்ஸ் ஹோர்னல் 1943இல் விவரித்த இலங்கைக் கலங்களில் கட்டுமரம் கயிற்றால் பிணைத்த மரங்கள். ‘ஓரு’ குடைந்த அடிமரத்தின் மேல் பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்து, பக்கத்தில் மிதவைமரம் கட்டியது. அலை அடித்தால் தையல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். புயலில் ஒரு பலகை பிளந்தால் தையலை அறுத்து, அந்தப் பலகையை மட்டும் மாற்றி, மறுபடி தைக்கலாம். மண்ணும் தண்ணீரும் நிறைந்து புதைந்த தோணியை அவசரப்பட்டு இழுத்தால் அதன் பாரமே தையலைக் கிழித்துவிடும். முதலில் மண்ணை வாரித் தண்ணீரை இறைக்க வேண்டும். உருளைக்கட்டையை அடியில் வைத்து இழுப்பது அதன் பிறகுதான்.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை ஒட்டிக் கரையேறிய சூறாவளி கிழக்கைப் புரட்டிப் போட்டது. 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தென்னந்தோப்புகள் ஏக்கர் கணக்கில் சாய்ந்தன. தோணிக்காரருக்கு அது இரட்டை அடி. கரையிலுள்ள மீனவர் குடிலான வாடிக்குக் கிடுகும், தோணிக்குக் கயிறும், இழுக்க உருளைக்கட்டையும் அந்தத் தென்னைதானே கொடுத்தது!

அதற்குள் வேறொரு படகும் வந்துவிட்டிருந்தது. நோர்வே உதவியோடு 1967இல் காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம், கண்ணாடியிழைப் (ஃபைபர்) படகுகளை உருவாக்கியது. பாய்மரம் இருந்த கலங்களின் இடத்தை வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் மெல்ல மெல்லப் பிடித்தன.

புயல் செய்யாததை 2004 டிசெம்பர் 26இல் சுனாமி செய்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் பாதிக்கு மேல் அழிந்தன அல்லது சேதமடைந்தன. ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் அது படகின் முடிவல்ல. உப்பை நன்னீரால் கழுவி, ஈரம் போகக் காயவிட்டு, உடைப்பின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். பிறகு இழைப்பாயை அடுக்கடுக்காக வைத்து, றெசின் ஊற்றி, உள்ளே காற்றுக்குமிழ் தங்காமல் உருட்டி எடுக்க வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் பிடிக்காது. ஆனால் உதவிப் பணம் வந்த வேகத்தில் புதுப்படகு கொடுப்பதற்கே மவுசு இருந்தது. அவற்றில் தரமற்றவையும் இருப்பதாக ஐ.நா. உணவு விவசாய அமைப்பு எச்சரித்தது. திருத்தக்கூடியதை முதலில் திருத்தியிருந்தால், கடலறிந்த பழைய படகுகள் பல சீக்கிரமே தண்ணீருக்குப் போயிருக்கும்.

வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற விதியும் அப்போது வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. கடலைக் கண்ணால் பார்த்தபடி படகைக் காத்த குடும்பங்களுக்கு அந்தத் தூரம் பெரிய தூரம்.

2013இல் டென்மார்க் கடனுதவியோடு ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. இந்தக் கரைக்கு ஒருவழியாக ஒரு புகலிடம் கிடைத்ததாகத் தோன்றியது. ஆனால் அலைதடுப்பு அணைகள் கரையோரமாக நகரும் மணலை மறித்தன. துறைமுக வாய் மணலால் தூர்ந்தது. ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கமும் கடல் கரையை அரித்துத் தென்னைகளைச் சாய்த்தது. படகை மேலே இழுத்து, கவிழ்த்து, காயவைத்துத் திருத்த வேண்டிய அகலம்தான் அங்கே இப்போது குறைந்து போயிருக்கிறது.