பழைய கார் எஞ்சினில் கரிப்படிவு

பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ முழுதாக எரியாமல் மிஞ்சி, எஞ்சினின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பொருக்கு கரிப்படிவு எனப்படும். பிஸ்டனின் தலை, எரியறையின் மேல்பகுதி, வால்வுகள், ஸ்பார்க் பிளக்கின் முனை, பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளம் ஆகிய இடங்களில் அது அதிகம் சேரும். ஓரளவு கரி எல்லா எஞ்சினிலும் உண்டு. கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில்தான் அது எஞ்சினின் குணத்தையே மாற்றிவிடும் அளவுக்குத் தடிக்கிறது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை இந்த வகை.

கரி வரும் வழிகள்

ஒரு வழி பெட்ரோல். காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் மிகுந்தால் எரிதல் அரைகுறையாகி, உலர்ந்த மென்மையான புகைக்கரி படியும். சோக் முழுதாகத் திறக்காமல் இருப்பது, கார்புரேட்டரின் ஜெட் தேய்ந்திருப்பது, மிதவை மட்டம் உயர்ந்திருப்பது, ஏர் ஃபில்டர் அடைத்திருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிடும் குறும்பயணங்களும் இதே கரியைச் சேர்க்கும்.

இன்னொரு வழி ஆயில். வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள சீல் இறுகிப்போனாலோ, வால்வு கைடு தேய்ந்தாலோ, பிஸ்டன் ரிங் தளர்ந்தாலோ ஆயில் எரியறைக்குள் இறங்கும். அது சூட்டில் வெந்து, சுரண்டினாலும் எளிதில் வராத கெட்டிக் கரியாகும். பழைய கார்களில் பெரும் தொல்லை இதுதான். கரியை எடுத்துவிட்டு ஆயில் இறங்கும் வழியை அப்படியே விட்டால், செலவு செய்தது சில மாதங்களில் வீணாகிவிடும். ஆகவே எந்தப் பழுதுபார்ப்பும் கரி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதில் தொடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் ஈயமும் இதில் சேர்ந்துகொண்டது. நாக்கிங்கை, அதாவது கலவை முறைதவறி வெடிப்பதால் எழும் தட்டல் சத்தத்தை, தடுக்க டெட்ராஎத்தில் ஈயம் உதவும் என்பதை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டறிந்தார். எரிந்தபின் மிஞ்சும் ஈய ஆக்சைடு பிளக்கிலும் வால்விலும் படிந்ததால், அதை ஆவியாக்கி வெளியேற்றத் தனி வேதிப்பொருளையும் பெட்ரோலில் கலக்க நேர்ந்தது. இந்தியாவில் 2000இல் ஈயமில்லாத பெட்ரோல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

விளைவுகள்

கரி இடத்தை அடைக்கிறது, சூட்டையும் தேக்குகிறது. அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 372 சி.சி. கொள்ளளவு. அழுத்த விகிதம் 7.2 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் 60 சி.சி. மட்டுமே. பிஸ்டன் தலையில் 1 மி.மீ. கனத்துக்குக் கரி ஏறினால் அதில் 4 சி.சி. போய்விடும், விகிதம் 7.6ஐத் தாண்டும். எரியறையின் மேல்பகுதியிலும் படிந்தால் இன்னும் கூடும். கரி வெப்பத்தை எளிதில் கடத்தாததால் எரியறையின் சூடு இறங்குவதில்லை. இரண்டும் சேர்ந்து, மேட்டில் ஏறும்போது கணகணவென்ற நாக்கிங்காகக் கேட்கும். கனலும் கரித்துண்டு பிளக்கின் பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைப்பதும் உண்டு. சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சில நொடிகள் குலுங்கியபடி ஓடுவது இதனால்தான். வால்வின் இருக்கையில் கரி சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. எரியும் வாயு கசிந்து வால்வின் விளிம்பு தீய்ந்துபோகும்.

கண்டறிதல்

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே முதல் சோதனை. வெளிர் பழுப்பு நல்ல நிறம். உலர்ந்த கறுப்பு பெட்ரோல் மிகுதியையும், ஈரமான பளபளக்கும் கறுப்பு ஆயிலையும் காட்டும். அடுத்து கம்ப்ரஷன் சோதனை. அழுத்தம் குறைவாக இருக்கும் சிலிண்டரில் பிளக் துளை வழியே சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம். நுண்கேமராவைப் பிளக் துளைக்குள் விட்டுப் பார்க்கும் வசதி இப்போது பல ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு.

ஹெட்டைக் கழற்றிக் கரி எடுத்தல்

1920, 30களில் சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை செய்தாக வேண்டிய வழக்கமான வேலையாக இது இருந்தது. எரிபொருளும் ஆயிலும் தரம் உயர உயர இடைவெளி நீண்டது. இன்று தேவை கண்ட பிறகே செய்கிறார்கள், அதுவே சரி.

தண்ணீரை வடித்து, கார்புரேட்டரையும் மேனிஃபோல்டுகளையும் பிரித்து, ஹெட் நட்டுகளை வரிசைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்தி ஹெட்டைத் தூக்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1, 4ஆம் பிஸ்டன்கள் ஒன்றாக மேலே வரும். அப்போது மற்ற இரு துளைகளையும், தண்ணீரும் ஆயிலும் போகும் வழிகளையும் துணியால் அடைக்க வேண்டும். பிஸ்டன் அலுமினியம் என்பதால் பித்தளை அல்லது மரச் சுரண்டியே ஏற்றது. இரும்பு பட்டால் கீறல் விழும், கீறலில் கரி இன்னும் விரைவாகப் பிடிக்கும். தேய்ந்த எஞ்சினில் பிஸ்டன் தலையின் ஓரத்தில் ஒரு வளையம் அளவுக்குக் கரியை விட்டுவைப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். அந்த வளையம் ஆயில் மேலேறுவதைத் தடுக்கிறது. பளிச்சென்று வழித்துவிட்டால் எஞ்சின் முன்னைவிட அதிகம் ஆயில் குடிக்கத் தொடங்கலாம். அனுபவத்திலிருந்து வந்த இந்தப் பழக்கம் மதிக்கத்தக்கது.

வால்வுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ப்புப் பசை தடவி இருக்கையோடு தேய்த்தால் இரண்டிலும் இடைவெளியில்லாத மங்கிய சாம்பல்நிற வளையம் தெரிய வேண்டும். வால்வு சீல்களை இப்போதே மாற்றிவிடுவது நல்லது. பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வின் இருக்கைக்குக் காப்பாகவும் இருந்தது; இப்போது அந்தக் காப்பு இல்லை. ஆகவே இருக்கை குழிந்திருந்தால் கடினப்படுத்திய வளையம் பொருத்தச் சரியான தருணமும் இதுவே. புதிய கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக நட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கி, டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

பிரிக்காமல் செய்யும் முறைகள்

பெட்ரோலில் கலக்கும் பாலிஈத்தர் அமீன் வகைச் சேர்மங்கள் வால்விலும் இன்ஜெக்டரிலும் உள்ள படிவைக் கரைக்கும். பிஸ்டன் தலையின் கெட்டிக் கரிமேல் அவற்றின் பலன் மெதுவானது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நெடுஞ்சாலையில் ஓட்டுவது மென்மையான புகைக்கரியை எரித்துவிடும். ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் செலுத்தும் சேவைகளை, முன்னும் பின்னும் நுண்கேமராவில் பார்த்த பிறகே நம்பலாம். நெடுநாள் கவனிக்கப்படாத எஞ்சினில் ஆயில் ஃபிளஷ் ஊற்றுவது ஆபத்து. பெயர்ந்த கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் பேரிங் போய்விடும்.

2000களின் நடுவில் பரவிய நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களும் இப்போது பழைய கார்களாகிவருகின்றன. அவற்றில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுவதால் உள்வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே கரியாகிறது. பெட்ரோலில் எந்தச் சேர்மத்தைக் கலந்தாலும் அது அங்கே எட்டாது. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அதை அகற்றுகிறார்கள். டொயோட்டா தன் சில எஞ்சின்களில் உள்குழாயிலும் ஓர் இன்ஜெக்டரைச் சேர்த்ததால், அவற்றின் வால்வுகள் மீண்டும் பெட்ரோலில் கழுவப்படுகின்றன.